சில்வர் கிளாஸும் ஆறும் நேரமும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசு வேலை. நானும் அப்பாவோடு பட்டறையில்தான் உட்காருகிறேன். ஒரு வருடமாக மாடி அறையில் காஸில் எரியும் சின்ன டார்ச் வைத்துக் கண்ணாடி மணி செய்து பழகுகிறேன். கொலுசில் கோக்க நாமே செய்த மணி இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில் ஆரம்பித்தது.

போன மாதம் நிறம் மாறும் சில்வர் கிளாஸ் (வெள்ளி கலந்த கண்ணாடி) குச்சிகள் வாங்கினேன். டெர்ரா இரண்டு, ட்ரைட்டன் ஒன்று. விலை உங்களுக்கே தெரியும். தந்த நிறக் கண்ணாடியில் அடிமணி உருட்டி, அதன்மேல் டெர்ராவைச் சுற்றி, காஸைக் கூட்டிப் புகைச்சுடரில் காட்டினேன். விரிசல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் சுடரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. படத்தில் ஊதாவும் நீலமுமாக இருந்தது. என் மணிகள் ஆறும் சேற்று நிறம், மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். அப்பா பார்த்துவிட்டு, "வெள்ளி கறுத்துப்போச்சு, வேறென்ன" என்றார். ட்ரைட்டனைத் தொடவே கை வரவில்லை. தப்பு எங்கே? இன்னொன்று: பட்டறையில் சேரும் வெள்ளித் தூளைச் சாதாரணக் கண்ணாடியோடு உருக்கி, இந்தக் கண்ணாடியை நாமே செய்துகொள்ள முடியாதா?

(பெயர் வேண்டாம் அக்கா.)
சேலம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். "சுடரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை." ஆறு மணியும் போனது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். நானும் முதல் இரண்டு மாதம் இதையேதான் செய்தேன். நிறம் வரவில்லையா, இன்னும் கொஞ்சம் காட்டு. அப்படியும் வரவில்லையா, இன்னும் கொஞ்சம். காட்டக் காட்ட மணி பழுப்பாகிக்கொண்டே போகும். இந்தக் கண்ணாடியில் நிறத்துக்கு விதை விழுவது நெருப்பில் இல்லை, ஆறுகிற நேரத்தில். இது புரிய எனக்கு ஒரு கட்டுக் குச்சி செலவானது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குச்சிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய இரண்டும் அமெரிக்காவில் டபுள் ஹீலிக்ஸ் என்ற நிறுவனம் தயாரிப்பவை. இரண்டிலும் வெள்ளி கரைந்திருக்கிறது. ஆனால் வேலை வேறு வேறு. ட்ரைட்டன் ரிடக்ஷன் வகை. ஆக்ஸிஜன் குறைந்த, காஸ் தூக்கலான சுடர் பட்டால் மேற்பரப்பில் இருக்கும் வெள்ளி உலோகமாகத் திரண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி போல மினுங்கும் மெல்லிய தோல் உண்டாகும். டெர்ரா ஸ்ட்ரைக்கிங் வகை. அதன் நிறம் கண்ணாடிக்கு உள்ளே வளர வேண்டும். நீங்கள் உள்ளே வளர வேண்டியதற்கு வெளியே தோல் போர்த்திவிட்டீர்கள். அந்தச் சாம்பல் படலம் அதுதான். ட்ரைட்டனுக்குச் செய்ய வேண்டியதை டெர்ராவுக்குச் செய்திருக்கிறீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நன்றாகச் சூடாகி ஒளிரும்போது வெள்ளி கண்ணாடியில் அணு அணுவாகக் கரைந்து கிடக்கிறது. அந்த நிலையில் குச்சி ஏறக்குறைய நிறமில்லாமல் தெரியும். சூடு இறங்கும்போது அணுக்கள் சில சேர்ந்து நுண்ணிய விதைகளாகின்றன. மறுபடி மிதமாகச் சூடு காட்டினால் விதையைச் சுற்றி இன்னும் வெள்ளி வந்து ஒட்டி, துகள் பெரிதாகிறது. துகளின் அளவைப் பொறுத்து ஒளியை அது விழுங்குவதும் சிதறடிப்பதும் மாறுகிறது. பெரும்பாலும் முதலில் தேன் மஞ்சள், அப்புறம் சிவப்புச் சாயல், பிறகு ஊதா, நீலம், பச்சை என்று நகரும். விதை விழுகிற சூடு குறைவு, வளர்கிற சூடு அதிகம். ஆற விடாமல் சுடரிலேயே வைத்திருந்தால் விதை கொஞ்சமாக விழும். விழுந்த சிலவே எல்லா வெள்ளியையும் இழுத்துக் கண்டபடி பருக்கும். அதுதான் சேறு.

கற்கண்டு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும் பாகில் கற்கண்டு விளையாது. இறக்கி, நூல் விட்டு, ஆற விட்டால்தான் நூலைப் பிடித்துக்கொண்டு கட்டும். எத்தனை இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துக் கல்லின் அளவு மாறும். மணியிலும் ஏறக்குறைய அதே கதைதான்.

இனி செய்முறை. டெர்ராவை ஆக்ஸிஜன் சற்றுத் தூக்கலான, சுத்தமான சுடரில் உருக்கிச் சுற்றுங்கள். உருவம் சரியானதும், மணி முழுக்க ஒரே மாதிரி ஒளிரும் வரை சூடு ஏற்றுங்கள். இதுவரை உள்ளே அரைகுறையாக விழுந்த விதையெல்லாம் கரைந்து, கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பிறகு சுடரை விட்டு வெளியே எடுத்து, மேஜைக்குக் கீழே நிழலில் பிடித்து, சுழற்றிக்கொண்டே இருங்கள். சிவப்பு ஒளி முழுசாக அணைய வேண்டும். அணைந்த பிறகும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கோலிக்குண்டு அளவு மணிக்கு நான் பத்து, பதினைந்து எண்ணுகிறேன். சிறிய மணிக்கு அதில் பாதி. அப்புறம் சுடரின் கோடியில், டார்ச் முகத்திலிருந்து நன்றாகத் தள்ளி, குளிப்பாட்டுவது போல மெதுவாகக் காட்டுங்கள். மஞ்சள் எழும். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் ஊதா வந்து நிற்பதைப் பார்க்கும்போது உங்களுக்கே கை நடுங்கும். எனக்கு இன்றைக்கும் நடுங்குகிறது.

விரும்பிய நிறம் வருவதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். உள்ளிறுக்கம் தணிய மின்சூளையில் மணி 510 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் நிற்கும்போதும் துகள் கொஞ்சம் வளரும். நீலத்தில் சூளைக்குள் வைத்துவிட்டு, காலையில் பச்சையாக எடுத்திருக்கிறேன். தாண்டிப்போய்ச் சேறாகிவிட்டால் அழ வேண்டாம். மறுபடி ஒளிரும் வரை சூடேற்றிக் கரைத்து, முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் எல்லையில்லாமல் இப்படிச் செய்ய முடியாது, ஒவ்வொரு தடவையும் நிறத்தின் உயிர் கொஞ்சம் குறைகிறது.

விரிசல் பயத்தைப் பற்றி: பயம் நியாயமானது, ஆனால் இடம் தவறு. மணியின் தோல் குளிர்ந்து, உள்ளே சூடாகவே இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால்தான் வெடிக்கும். சிறிய மணியைச் சில நொடி வெளியே பிடித்தால் ஒன்றும் ஆகாது. ஆறிய மணியை நேராகச் சுடரின் நடுவில் நுழைப்பதுதான் ஆபத்து. கோடியிலிருந்து உள்ளே வாருங்கள். மின்சூளை இல்லாமல் வெர்மிகுலைட்டில் (சூட்டைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) புதைத்து ஆறவைக்கிறீர்கள் என்றால், அது மெதுவாக ஆற மட்டுமே உதவும், உள்ளிருக்கும் இறுக்கத்தைப் போக்காது. காலில் போடும் கொலுசில் கோக்கிற மணி அது. நடக்கும்போது தரையில் தட்டும், கதவில் இடிக்கும். சூளையில் இறுக்கம் தணிக்காத மணியைத் தயவுசெய்து விற்காதீர்கள். இன்னொன்று, இந்தக் குச்சிகள் 104 வகை, இத்தாலிக் குச்சிகளோடு சேரும். சூட்டில் விரிகிற அளவைச் சொல்லும் எண் அது. வளையல் துண்டையோ பாட்டில் கண்ணாடியையோ இதோடு கலந்தால், அன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு வாரம் கழித்து டப்பாவுக்குள் தானாகவே பிளந்து கிடக்கும்.

இப்போது உங்கள் அப்பா சொன்னது. அவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. கொலுசு கறுப்பது கந்தகத்தால். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. நீங்கள் அடிமணிக்கு எடுத்த தந்த நிறக் கண்ணாடியில் கந்தகம் இருக்கிறது. அதன்மேல் வெள்ளி நிறைந்த கண்ணாடியைச் சுற்றினால், இரண்டும் தொடும் இடத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கோடு விடும். சிலர் அந்தக் கோட்டுக்காகவே வேண்டுமென்று தந்த நிறத்தை எடுப்பார்கள், வேர் படர்ந்த மாதிரி அழகாக வரும். உங்களுக்கு வேண்டியது ஊதா. அதற்குக் கறுப்பிலோ கருநீலத்திலோ அடிமணி உருட்டுங்கள். பின்னால் இருள் இருந்தால் துகள்கள் சிதறடிக்கிற நீலமும் ஊதாவும் எடுப்பாகத் தெரியும். மேலே தெளிந்த கண்ணாடியை மெல்லிதாகப் போர்த்தினால் லென்ஸ் போல நின்று நிறத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

சுடர் விஷயத்திலும் உங்கள் பட்டறை உங்களுக்குக் கை கொடுக்கும். பற்றவைக்கும்போது வெள்ளி கறைபடாமல் இருக்க அப்பா காற்றைக் குறைத்து மெத்தென்ற சுடர் வைப்பாரே, அதுதான் ரிடக்ஷன் சுடர். ட்ரைட்டனுக்கு அதை வையுங்கள். மணியை முழுசாக முடித்து, ஒளி அணையவிட்டு, ஆக்ஸிஜனைக் குறைத்து, சுடர் முனை மஞ்சளாகும்போது இரண்டு மூன்று நொடி காட்டி எடுங்கள். அதற்கு மேல் வைத்தால் மினுக்கு போய்ச் சாம்பலாகும். ஆனால் மறுபடி ஆக்ஸிஜன் சுடரில் காட்டினால் அந்தத் தோல் கரைந்துவிடும், திரும்ப முயலலாம். ரெகுலேட்டரில் எத்தனை வைக்க வேண்டும் என்று எண் கேட்காதீர்கள். நான் ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இங்கே காற்று மெலிசு. சேலத்தில் பழகிவிட்டு, வெளிக்காற்றை இழுத்து எரியும் அதே சின்ன டார்ச்சை மேலே கொண்டுவந்தபோது, தானாகவே காஸ் தூக்கலாக எரிந்து என் வெளிர்நிற மணிகளை எல்லாம் அழுக்காக்கியது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுடரே மாறிவிடுகிறது. சுடரின் நிறத்தைக் கண்ணால் பார்த்து வையுங்கள். அதில் நீங்கள் என்னைவிடத் தேர்ந்தவர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். காரணத்தையும் சொல்கிறேன். கண்ணாடியில் வெள்ளியைக் கலப்பது பழைய வித்தை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லைகர்கஸ் கோப்பை என்று ஒன்று இருக்கிறது, 4-ஆம் நூற்றாண்டு ரோமானியர் செய்தது. வெளிச்சம் முன்னாலிருந்து பட்டால் பச்சை, உள்ளிருந்து ஊடுருவினால் சிவப்பு. அந்தக் கண்ணாடியில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 300 பங்கு வெள்ளி, 40 பங்கு தங்கம். கிலோவுக்கு அரை கிராம்கூட இல்லை. அந்தக் கொஞ்சம் வெள்ளி முழுக் கண்ணாடியிலும் சீராகக் கரைந்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்றைய சில்வர் கிளாஸில் வெள்ளி இதைவிடக் கூடுதல், ஆனாலும் அதையும் உலையில் மூலப்பொருளோடு சேர்த்துப் பல மணி நேரம் உருக்கித்தான் கரைக்கிறார்கள். நம் டார்ச்சில் தூளைத் தூவினால் வெள்ளி மேலேயே உருண்டைகளாக நிற்கும்.

அதைவிட முக்கியமானது இது. பட்டறைத் தூள் என்பது வெறும் வெள்ளி இல்லை. செம்பு இருக்கும், பற்றவைத்த பொடியும் இருக்கும். நகைக்கடையில் கேடிஎம் (கேட்மியம் கலந்து பற்றவைத்தது) என்று கேட்டுப் பழகியிருப்பீர்கள். அந்தக் கேட்மியம் வெள்ளிக்குப் பற்றவைக்கும் சில பொடிகளிலும் கலந்திருக்கும். அதைச் சுடரில் எரித்தால் வருகிற புகை நுரையீரலைக் கெடுக்கும், ஒரு நாளில்கூட. மாடி அறை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் எத்தனை? புகையை வெளியே இழுக்கும் ஃபேன் டார்ச்சுக்கு நேர் மேலே இருக்கிறதா? காஸ் தூக்கலான சுடரிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. கண்ணுக்கு டிடிமியம் மூக்குக் கண்ணாடி போட்டிருப்பீர்கள், அது சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைத்து மணியைப் பார்க்க விடும், மூச்சுக்கு ஒன்றும் செய்யாது. மணி உருட்டும் மேண்ட்ரல் கம்பியில் கண்ணாடி ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பீட் ரிலீஸ் களிமண்ணும் அலுமினாவும் சேர்ந்தது. மணியைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்யும்போது தண்ணீருக்குள் வைத்துத் தேயுங்கள், அந்தத் தூசி உள்ளே போகக் கூடாது. ஃபேன் இல்லையென்றால் இந்த மாதம் புதுக் குச்சி வாங்குவதை நிறுத்தி, முதலில் அதை வாங்குங்கள்.

வீட்டு வெள்ளியை மணியில் சேர்க்கும் ஆசையை விட வேண்டியதில்லை. 999 சுத்த வெள்ளியில் மெல்லிய கம்பி இழுக்கச் சொல்லுங்கள் அப்பாவிடம், உங்கள் வீட்டில் அதற்குக் கேட்கவா வேண்டும். கறுப்பு மணி உருட்டி, சற்று ஆறவிட்டு, கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சுடரின் கோடியில் மெதுவாகக் காட்டுங்கள். வெள்ளி 961 டிகிரியில் உருகும். கம்பி அங்கங்கே அறுந்து, ஒவ்வொரு துண்டும் சுருண்டு குட்டிக் குண்டாகி மணியில் ஒட்டிக்கொள்ளும், உங்கள் கொலுசில் வைக்கிற அரும்பு போலவே. செம்பு கலந்த கம்பி என்றால் கறுத்துவிடும், அதனால் சுத்த வெள்ளிதான் வேண்டும்.

டெர்ராவில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது? ஒரு விரல் நீளம் இருந்தாலும் மூன்று சின்ன மணி வரும். ஃபேன் மாட்டியதும் கறுப்பு அடிமணியில் செய்து, ஒவ்வொன்றையும் எத்தனை எண்ணி ஆறவிட்டீர்கள் என்று எழுதிவைத்து, படத்தோடு அனுப்புங்கள். கம்பி சுற்றிய மணியை முதலில் அப்பாவிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா
ஏற்காடு