பக்கவாதம் நகரத்தில் கூடுகிறதா, குறைகிறதா?

கேள்வி: எங்கள் நகரில் 20 ஆண்டுகளாகப் பக்கவாத விகிதம் குறைந்து வருவதாக ஓர் அறிக்கையில் படித்தேன். ஆனால் நோயாளிகள் ஆண்டுக்காண்டு கூடுவதாக மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எதை நம்புவது? என் அப்பாவுக்கு வயது 70, ரத்த அழுத்தம் உண்டு. அவரைப் பார்த்துக்கொள்ள இந்தப் புள்ளிவிவரம் எனக்கு எந்த வகையில் உதவும்?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். பக்கவாதம் வயதோடு ஏறும் நோய். 55 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆபத்து ஏறக்குறைய இரட்டிக்கிறது. கணக்குக்காக ஒரு நகரில் 65 வயது தாண்டியவர்கள் 60,000 பேர் என்றும், அவர்களில் ஆயிரத்துக்கு 8 பேருக்கு ஆண்டுதோறும் முதல் பக்கவாதம் வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 480 பேர். இருபது ஆண்டில் முதியவர்கள் 1,20,000 ஆகி, விகிதம் ஆயிரத்துக்கு 6 ஆக இறங்கினால் 720 பேர். தனி ஒருவரின் ஆபத்து கால்பங்கு குறைந்திருக்கிறது. மருத்துவமனைக்கோ ஒன்றரை மடங்கு படுக்கை வேண்டும். அதனால் அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, விகிதம் வயதுக்கேற்பச் சரிசெய்யப்பட்டதா, அதாவது முதியவர்கள் கூடியதன் விளைவை நீக்கிக் கணக்கிடப்பட்டதா என்பதை.

அடுத்து, தரவு எங்கிருந்து வந்தது? மருத்துவமனைப் பதிவேடு மட்டும் போதாது. வீட்டிலேயே இறந்தவர்களும், லேசான அறிகுறியோடு வெளிநோயாளியாக வந்து போனவர்களும் அதில் இருக்க மாட்டார்கள், வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள். குறிப்பிட்ட எல்லைக்குள் வசிக்கும் அனைவரையும் பின்தொடரும் பதிவேடுதான் நம்பத்தகுந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 1981–84ஐயும் 2002–04ஐயும் அப்படி ஒப்பிட்டபோது, வயதுக்கேற்பச் சரிசெய்த முதல் பக்கவாத விகிதம் 29% குறைந்திருந்தது. மக்களின் ரத்த அழுத்தமும் புகைபிடிக்கும் பழக்கமும் குறைந்திருந்தன. தடுப்பு மருந்து எடுப்பவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் அதே ஊரில் 2002–10ஐ 2010–18உடன் ஒப்பிட்டால், 55 வயதுக்குக் கீழ் பக்கவாதம் 67% கூடியிருக்கிறது. நகரத்தின் சராசரி இறங்குகிறது என்று நாற்பது வயதுக்காரர்கள் அசட்டையாக இருப்பது தவறு.

பிழைப்பு விகிதத்தைப் படிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். வழக்கமாக 28 அல்லது 30 நாளில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதான் கணக்கிடுவார்கள். எம்ஆர்ஐ பரவலானபின் முன்பு தவறிப்போன சிறு பக்கவாதங்களும் கணக்கில் சேர்கின்றன. அவை வந்தவர்கள் எப்படியும் பிழைப்பவர்கள். சிகிச்சை மேம்படாமலே விகிதம் அழகாகிவிடும். அதனால் மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வந்தது, ரத்தக்கசிவால் வந்தது என்று பிரித்துத் தராத அறிக்கையை ஓரளவுக்குத்தான் நம்பலாம். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களில் ஒரு மாதத்துக்குள் சுமார் 40% பேர் இறக்கிறார்கள். பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் அந்த அளவு பெரிதாக இறங்கவில்லை. அடைப்பு வகையில்தான் உண்மையான முன்னேற்றம்: தனிப் பக்கவாதப் பிரிவுகள், 1990களில் வந்த உறைகட்டி கரைக்கும் ஊசி, 2015க்குப் பின் நிலைபெற்ற, குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் முறை. பிழைப்பவர்கள் கூடுவதால் ஊனத்தோடு வாழ்பவர்களும் கூடுகிறார்கள். 'மூன்று மாதம் கழித்துத் தானாக நடந்து, தன் வேலையைத் தானே செய்கிறாரா' என்ற தகவலும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு முக்கியமான கேள்வி அதுதான்.

இனி அப்பா. பக்கவாதம் குறைந்த ஊர்களில் பெரும்பங்கு ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்ததற்கு உண்டு. மேல் அளவு 10 புள்ளி இறங்கினாலே பக்கவாத ஆபத்து சுமார் கால்பங்கு குறைகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, காலையில் இருமுறை, மாலையில் இருமுறை ஏழு நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டி மருந்தைச் சரிசெய்யுங்கள். பலர் தவறுவது, அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்துவதில்தான். நாடி சீரற்றுத் துடித்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். இதயத்தின் மேலறை நடுக்கம் என்று தெரிந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பக்கவாத ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கும்.

24 மணி நேரமும் சிடி ஸ்கேனும் கரைப்பு ஊசியும் உள்ள மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். முகம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தூங்கி எழும்போதே அறிகுறி இருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு. ஊசிக்கான அவகாசம் நாலரை மணி நேரம். பெரிய ரத்தக்குழாய் அடைப்பில் கட்டியை எடுக்க ஆறு மணி நேரம், ஸ்கேனில் பொருத்தம் தெரிந்த சிலருக்கு 24 மணி நேரம் வரை. அறிகுறி பத்து நிமிடத்தில் மறைந்துவிட்டாலும் அன்றே காட்டுங்கள்; அடுத்த இரண்டு நாளில்தான் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். ஸ்கேன் எடுக்கும்வரை ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது கசிவாகவும் இருக்கலாம். வாய்வழியே தண்ணீரும் வேண்டாம். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும்.