டீம் மாறினால் கை மாறுமா?

போன இதழில் அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவர்) கெரிட் கோலைப் பற்றி, பழைய டீமை விட்டுப் போன பிறகு உச்சிக்கு வந்தவர் என்று நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதையே பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: மகள் வீட்டுக்கு பிட்ஸ்பர்க் போயிருந்தேனுங்க. மருமகனுக்கு பைரேட்ஸ் டீம் என்றால் உயிர். நீங்கள் எழுதிய கோல் அங்கேதான் இருந்தாராம். "இங்கே இருந்தவரைக்கும் கையை அடக்கியே போட்டான் மாமா, ஹூஸ்டன் போனதும் பாருங்க" என்று இன்னும் ஆத்திரப்படுகிறார். ஒரு மனுஷன் வேண்டுமென்றே அப்படிச் செய்வானா?
— ஒரு வாசகர், பெருந்துறை

இல்லைங்க ஐயா. அந்தச் சந்தேகத்தை முதலில் எடுத்துப் போட்டுவிடுங்கள், மருமகனிடமும் சொல்லுங்கள். 2011 டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை டீம்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதில், நாட்டிலேயே முதல் ஆளாக பைரேட்ஸ் எடுத்தது கோலைத்தான். 2015-ல் அதே டீமுக்கு 19 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர். கையை அடக்குகிறவருக்கு 19 வராது.

பிட்சரை எடை போட அங்கே இஆர்ஏ என்று ஒரு கணக்கு உண்டு. 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது (ஃபீல்டர் செய்த தப்பில் போன ரன்னைக் கழித்துவிட்டு). குறையக் குறைய நல்லது. கோலுக்கு 2015-ல் 2.60. அடுத்த வருடம் 3.88, அதற்கடுத்து 2017-ல் 4.26. இறங்குமுகம்தான். 2018 ஜனவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நாலு பேரைக் கொடுத்து அவரை வாங்கியது. அந்த வருடமே 2.88, 2019-ல் 2.50, அதோடு 326 ஸ்ட்ரைக்அவுட். 326 பேரை, பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவே விடாமல் திருப்பி அனுப்பினார் என்று அர்த்தம்.

ஒரே வருடத்தில் ஒரு கை இப்படி மாறுமா? கை மாறவில்லை. வேகமும் ஏறக்குறைய அதே வேகம், மணிக்கு 155 கிலோமீட்டர் சுமாருக்கு. மாறியது அவரிடம் கேட்ட பந்து.

பிட்ஸ்பர்க்கில் அப்போது பிட்சர்களிடம் கேட்டது, தாழ்வாக வந்து கடைசியில் இன்னும் கீழே இறங்கும் பந்து. சின்கர் என்பார்கள். பேட்டர் அதை அடித்தால் தரையோடு உருளும், ஃபீல்டர் எடுத்து எறிவார், குறைந்த பந்தில் அவுட் கிடைக்கும். இதை மட்டமான வழி என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். தொடர்ந்து 20 வருடம் ஜெயித்ததை விடத் தோற்றது அதிகம் என்றிருந்த அந்த டீம், 2013, 2014, 2015 என்று மூன்று வருடமும் பிளேஆஃபுக்குப் போனது, அதில் இந்த வழிக்கும் பங்கு உண்டு. ஆனால் பேட்டர்கள் சும்மா இருப்பார்களா, தாழ்வான பந்தைக் கீழிருந்து தூக்கி அடிக்கப் பழகிவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்துத் தைத்த சட்டை கோலுக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது.

ஹூஸ்டனில் அவரிடம் சின்கரைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த வேகப் பந்தை நேராக, மேலே, நெஞ்சை ஒட்டிப் போடு, நடுவில் வளைந்து திரும்பும் கர்வ்பாலும் ஸ்லைடரும் இன்னும் அதிகமாகக் கொடு என்றார்கள். கீழிருந்து தூக்கப் பழகிய பேட்டர் வீசுகிற மட்டை அந்த உயரப் பந்துக்கு அடியில் வெறும் காற்றை வெட்டிக்கொண்டு போனது. அவ்வளவுதான் விஷயம். பிறகு 2019 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் 9 வருடத்துக்கு 32.4 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது, 2023-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வந்தது.

இன்னொருவரையும் மருமகனுக்கு நினைவுபடுத்துங்கள், ஜேக் அரியெட்டா. எனக்கு கோலை விட இவர் கதைதான் மனசுக்கு நெருக்கம். இவர் பந்து போடும்போது கால் நேராக பேட்டரை நோக்கி வராது, குறுக்கே விழும், கை உடம்பைச் சுற்றிக்கொண்டு வரும். பால்டிமோர் ஓரியோல்ஸில் அந்தக் குறுக்கு நடையைத் திருத்தப் பார்த்தார்கள். நாலு சீசன் அங்கே திண்டாடினார். 2013 ஜூலையில் சிகாகோ கப்ஸுக்குக் கைமாறினார், அங்கே "உன் உடம்புக்கு எது வருதோ அப்படியே போடு" என்று விட்டுவிட்டார்கள். 2015-ல் 22 வெற்றி, 6 தோல்வி, இஆர்ஏ 1.77, சை யங் விருது. அந்தச் சீசனின் இரண்டாம் பாதியில் மட்டும் பார்த்தால் 0.75. படிக்கும்போதே மலைப்பாக இருக்கிறது. 2016-ல் 108 வருடம் கழித்து கப்ஸ், அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தபோது அதில் இரண்டு ஆட்டம் இவர் ஜெயித்துக் கொடுத்தது.

கேள்வி: பேஸ்பாலும் கிரிக்கெட் பந்தும் ஒரே எடையா? நம் ஆட்கள் யாராவது அங்கே போய்ப் போட்டதுண்டா?
— கல்லூரி மாணவர், கோபி

பேஸ்பால் 142 முதல் 149 கிராம், ஆண்கள் கிரிக்கெட் பந்து 156 முதல் 163. பிட்சர் 10 அங்குல மேட்டில் நின்று 60 அடி 6 அங்குலத்திலிருந்து எறிவார், தரையில் குத்தக்கூடாது, கையை மடக்கலாம். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இரண்டு பேரும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், 2008-ல் ஒரு டிவி போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்து அதே பைரேட்ஸில் சேர்ந்தார்கள். அங்கே உச்ச லீக்கான மேஜர் லீக் ஆட்டம் வரை போக முடியவில்லை, ஆனாலும் பேஸ்பாலைக் கையில் தொட்டே பார்க்காத பிள்ளைகள் அவ்வளவு தூரம் போனதே பெரிது.

கேள்வி: பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 14 வருடம் ஒரே இடத்தில் இருந்துவிட்டுப் போன வருடம் வேறு கம்பெனிக்கு வந்தேன். இங்கே என் வேலையைக் கொண்டாடுகிறார்கள். அங்கே ஒரு நாள்கூட ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. அந்த பிட்சர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

கொதிக்கத்தான் செய்யும். நானும் ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் ஆறு வருடம் ப்ரூஃப் பார்த்தவன், நான் எழுதுவேன் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. வெளியே வந்து ரொம்ப நாள் அந்தத் தெரு வழியே போவதைத் தவிர்த்தேன். அதனால் உங்களுக்கு உபதேசம் பண்ண வரவில்லை. நோலன் ரையன் கதையை மட்டும் சொல்கிறேன்.

நியூயார்க் மெட்ஸில் 1971 வரை அவருக்கு 29 வெற்றி, 38 தோல்வி. பந்தில் அசுர வேகம் இருந்தது, ஆனால் எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. டாம் சீவர், ஜெர்ரி கூஸ்மன் என்று பெரிய கைகள் அங்கே இருந்ததால் முறையாக, விடாமல் ஆடும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. என்னை வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள் என்று அவரேதான் கேட்டார். 1971 டிசம்பரில் ஜிம் ஃப்ரெகோசி என்ற ஆட்டக்காரருக்குப் பதிலாக, ரையனோடு இன்னும் மூன்று பேரையும் சேர்த்து கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அவர் முறை தவறாமல் வந்தது. முதல் வருடமே 19 வெற்றி, 329 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த வருடம் 1973-ல் 383, நவீன பேஸ்பாலில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. பேட்டர் அடித்து பேஸ் சேரும் ஹிட் ஒன்றுகூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தை முடிக்கும் நோ-ஹிட்டர் வாழ்நாளில் 7. ஃப்ரெகோசியோ மெட்ஸில் இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை.

அப்போ மெட்ஸ்காரர்கள் குருடர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்து தப்பிப் போய் பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு (ரன் ஓடும் வழியில் முதல் நிறுத்தம்) அனுப்புவதை வாக் என்பார்கள், அதிலும் இன்றுவரை ரையன்தான் முதல் ஆள், 2,795. அவர்கள் பயந்த குறை கடைசி வரை அவரிடம் இருந்தது. ஏஞ்சல்ஸ் அந்தக் குறையோடு சேர்த்தே அவரை வைத்துக்கொண்டது, நாலு நாளைக்கு ஒரு தடவை கையில் பந்தைக் கொடுத்தது.

உங்கள் பழைய முதலாளி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை, அதற்குக் காசா பணமா. ஆனால் துணியை விரித்ததும் எங்கே சேதாரம் வரும் என்று இன்று உங்கள் கை சொல்கிறதே, அது அந்த 14 வருடத்தில் அந்த டேபிளில் பழகியதுதான். அதை அவர் உங்களுக்குக் கொடுக்கவில்லை, நீங்களாகச் சம்பாதித்தது. கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், அந்த வருடங்களை மட்டும் வீண் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 19 வயதுங்க. இடது கை வேகப்பந்து. இருக்கிற கிளப்பில் எப்போதும் பன்னிரண்டாவது ஆள்தான், தண்ணீர் கொண்டுபோகிறான். வேறொரு கிளப்பில் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா?
— ஒரு அம்மா, சங்ககிரி

உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரரையே சொல்கிறேன் அம்மா. சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் பஞ்சாப் டீம் 3 கோடிக்கு எடுத்தது, 6 ஆட்டத்தில் 2 விக்கெட். அடுத்த வருடம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. உடனே ஜெயித்தாரா என்றால் இல்லை. 2018-லும் 2019-லும் ஒரு ஆட்டம்கூட இறக்கவில்லை. 2020-ல்தான் இறக்கினார்கள், அப்போது அவரிடம் கேட்டது அவருக்குக் கைவந்த யார்க்கரை, அதுவும் கடைசி ஓவர்களில். 16 விக்கெட். டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பறித்த அந்தப் பந்தை நம் ஊரில் பார்க்காதவர்கள் யார்? அதே சுற்றில் வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகித் திரும்பினார்.

இதில் நான் பார்ப்பது, இடம் மாறியதற்கும் ஜெயித்ததற்கும் நடுவில் உள்ள அந்த இரண்டு வருடம். போனதும் கதவு திறக்கும் என்று பையனுக்கு நம்பிக்கை கொடுத்து அனுப்பாதீர்கள். மாறிப் போய் விழுந்தவர்களும் உண்டு. பேரி ஸீட்டோ ஓக்லாண்டில் 2002-ல் சை யங் விருது வாங்கியவர், சான் ஃபிரான்சிஸ்கோ 7 வருடத்துக்கு 12.6 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது, 2010-ல் அந்த டீம் கோப்பை ஜெயித்த பிளேஆஃப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. 2012-ல் தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் அவரே காப்பாற்றினார் என்பது வேறு கதை, அதற்குள் ஐந்து வருடம் போயிருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூப்பிடுகிற கிளப்பின் கோச்சிடம் பையனே போய்ப் பேசட்டும், நீங்கள் போக வேண்டாம். என்னை எந்த ஓவரில் போடச் சொல்வீர்கள், புதுப் பந்திலா கடைசியிலா, என்னுடைய எந்தப் பந்தைப் பார்த்துக் கூப்பிட்டீர்கள் என்று கேட்கட்டும். "வா தம்பி, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அங்கேயும் தண்ணீர்தான் கொண்டுபோவான். உன் இன்ஸ்விங்கர் வேணும், ஆறாவது ஓவர் வரைக்கும் வேணும் என்று ஒருத்தர் சொன்னால் அனுப்பிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். போகுமுன் இப்போதைய கோச்சிடமும், என்னிடம் என்ன குறை என்று அவன் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகட்டும். அந்தப் பதிலும் கூடப் போக வேண்டியது.

கேள்வி: போனவரைப் பற்றியே எழுதினீர்கள். கோலுக்குப் பதிலாக பிட்ஸ்பர்க் வந்த நாலு பேர் என்ன ஆனார்கள்?
— ஒரு வாசகி, பவானி

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். அந்த நாலு பேரில் ஜோ மஸ்குரோவ் என்று ஒரு பிட்சர் இருந்தார். பிட்ஸ்பர்க்கில் மூன்று வருடம், பெரிதாக யாரும் பேசவில்லை. 2021 ஜனவரியில் அவரும் கைமாறினார், சான் டியேகோ பாட்ரேஸுக்கு. அது அவர் சொந்த ஊர்ப்பக்கத்து டீம், சின்ன வயதில் அவர் கைதட்டிய டீம். அந்த டீம் 1969-ல் தொடங்கியது, அத்தனை வருடத்தில் அதன் பிட்சர் ஒருவர்கூட நோ-ஹிட்டர் போட்டதில்லை. 2021 ஏப்ரல் 9-ம் தேதி, டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக, வந்து சேர்ந்த இரண்டாவது ஆட்டத்திலேயே மஸ்குரோவ் அதைப் போட்டார். 10 ஸ்ட்ரைக்அவுட். எதிர் டீமில் ஒரே ஒருவர்தான் முதல் பேஸ் வரை போனார், அதுவும் பந்து உடம்பில் பட்டு.