சாப்பிட்ட கை காய்வதற்குள் பசி: கர்ப்பிணிகளின் கேள்விகளுக்குப் பதில்

நான் டயட்டீஷியன். கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. டாக்டர் இல்லை. மாத்திரை, ஸ்கேன் என்று கேட்டால் உங்கள் டாக்டர் பக்கம் கைகாட்டிவிடுவேன். பசியைப் பற்றியும் நொறுக்குத் தீனியைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி (5-ஆம் மாதம்): அக்கா, சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி பசிக்கிறது. ஒரு பாக்கெட் பிஸ்கட் காலியானாலும் அடங்குவதில்லை. "இப்போது நீ இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். பசித்தபோதெல்லாம் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம். அந்தப் பசி பொய்ப்பசி இல்லை. கர்ப்பகாலத்தில் ஏறும் ஹார்மோன்கள் பசியைத் தூண்டிவிடும், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் சமிக்ஞையும் மங்கிவிடும். அதனால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு பேர் கணக்குதான் தப்பு. 12-ஆம் வாரத்தில் அந்த இரண்டாவது ஆளின் எடை சுமார் 14 கிராம், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை அளவு. அவருக்கு எதற்குத் தனித் தட்டு? முதல் மூன்று மாதம் கூடுதலாக எதுவும் தேவையில்லை. சராசரி எடை உள்ளவர்களுக்கு நடு மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450 என்பது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டனில் இன்னும் கறார், கடைசி மூன்று மாதத்தில் மட்டும் 200 என்கிறார்கள். 340 கலோரி என்றால் இரண்டு ரொட்டித் துண்டு, அதில் ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய், கூட ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்.

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம். மைதாவும் சர்க்கரையும் வேகமாகக் கரைந்து இரத்தத்தில் ஏறி, வந்த வேகத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது மறுபடி கை பாக்கெட்டுக்குப் போகும். வயிற்றில் நின்று வேலை செய்பவை புரதமும் நார்ச்சத்தும். என் விதி ஒன்றே ஒன்று: தனியாக எதையும் சாப்பிடாதீர்கள், ஜோடியாகச் சாப்பிடுங்கள். பழம் என்றால் கூட ஒரு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ. ரொட்டி என்றால் கூட முட்டை. ஓட்ஸ் என்றால் கூட தயிர். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். தோலோடு ஒரு ஆப்பிள் 4 கிராம் நார்ச்சத்து தரும்.

எல்லாவற்றிலும் என் செல்லம் கொண்டைக்கடலை. வெந்தது ஒரு கோப்பையில் 14 கிராம் புரதம், 12 கிராம் நார்ச்சத்து. கர்ப்பிணிக்கு நாளுக்கு 28 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்றால், ஏறக்குறைய பாதி அதிலேயே முடிந்தது. இரவே ஊறவையுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் வெண்ணெய்போல மசிய வேண்டும், அதுவரை வேகட்டும். அரைவேக்காட்டுக் கடலை வாயுவைக் கிளப்பும், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். நீரை நன்றாக வடித்து, சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பசிக்கும்போது ஒரு டப்பாவைச் சூடாக்கி, எலுமிச்சை பிழிந்து, வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டால் வேலை முடிந்தது. மெல்லவே பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் பசிக்கு மருந்துதான்.

கேள்வி (3-ஆம் மாதம்): வெறும் வயிறாக இருந்தால் குமட்டல், சாப்பிட்டாலும் குமட்டல். என்னதான் செய்ய?

பதில்: வயிற்றைக் காலியாக விடாதீர்கள். தலைமாட்டில் உப்பு பிஸ்கட் நாலு வைத்துக்கொண்டு, எழுந்து உட்காரும் முன்பே மென்றுவிடுங்கள். (ஆமாம், ஜோடி விதி இங்கே செல்லாது.) அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு வாய். தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (6-ஆம் மாதம்): நான் தினமும் ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறு பச்சையாகச் சாப்பிடுகிறேன். இதைவிட நல்ல நொறுக்குத் தீனி உண்டா?

பதில்: உண்டு. அதே பயறு, வேகவைத்தது. கர்ப்பமாக இருக்கும்போது பச்சை முளைப்பயறு வேண்டாம்.

கேள்வி (அதே 6-ஆம் மாதம்): சின்ன வயதிலிருந்தே சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே? வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடாதா?

பதில்: சீட் பெல்ட் போடாமல் ஊர்போய்ச் சேர்ந்தவர்களும் இதைத்தான் சொல்வார்கள். பயறு முளைக்க என்ன வேண்டும்? ஈரம், வெதுவெதுப்பு, ஒன்றிரண்டு நாள் அவகாசம். சால்மோனெல்லா, ஈ.கோலை என்ற கிருமிகளுக்கும் அதேதான் வேண்டும். விதையின் நுண்ணிய வெடிப்பில் நாலு கிருமி இருந்தால், முளை வரும்போது அது படையாகிவிடும். 2011-இல் ஜெர்மனியை மையமாக வைத்துப் பரவிய ஈ.கோலை நோய் ஞாபகம் இருக்கிறதா? சுமார் 4,000 பேர் படுத்தார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேடிப் போனால் கடைசியில் வெந்தய முளையில் வந்து நின்றது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சத்து விஷயம்: வேகவைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் குறையும். மேலே எலுமிச்சை பிழிந்தால் அதுவும் சரியாகிவிடும். புரதமும் நாரும் எங்கேயும் ஓடிப்போகாது.

கேள்வி (குறுக்கே வந்த 4-ஆம் மாதம்): நான் வீட்டிலேயே முளைகட்டி, உப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவுகிறேன். அதுவுமா?

பதில்: அதுவும்தான். கிருமி விதையோடு வருகிறது, உங்கள் சமையலறை எவ்வளவு சுத்தம் என்று அது கேட்பதில்லை. வெடிப்புக்குள் இருப்பதை உப்புத் தண்ணீரோ வினிகரோ தொடாது, சூடுதான் தொடும்.

கேள்வி (மறுபடியும் 6-ஆம் மாதம்): கர்ப்பிணியை இப்படிப் பயமுறுத்தலாமா? கோடியில் ஒருவருக்கு வருவதைச் சொல்லி நல்ல உணவை விடச் சொல்கிறீர்களே.

பதில்: நியாயமான கேள்வி. வாய்ப்பு சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். நேற்று சாப்பிட்டதற்காக இன்று அழவும் வேண்டாம். ஆனால் பச்சை முளையிலும் இருக்கக்கூடிய லிஸ்டீரியா என்று ஒரு கிருமி உண்டு. கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. தாய்க்கு வெறும் காய்ச்சல்போல வந்து போகும், குழந்தைக்கு அப்படிப் போகாது. ஃபிரிட்ஜ் குளிரிலும் அது வளரும். காய்ச்சாத பாலில் செய்த சீஸையும் சூடாக்காத பாக்கெட் இறைச்சியையும் நான் தடுப்பது இதற்காகத்தான். ஒரு பக்கம் இவ்வளவு, மறுபக்கம் அடுப்பில் ஐந்து பத்து நிமிடம். தராசை நீங்களே பிடியுங்கள். பயற்றை விடச் சொல்லவில்லை, பச்சையை விடச் சொல்கிறேன்.

இத்தோடு முளைப்பயறு போதும். அடுத்தது.

கேள்வி (ஒரு கணவர்): மனைவி 8-ஆம் மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஃபிரிட்ஜ் முன்னால் நிற்கிறார். தடுக்கலாமா?

பதில்: தடுக்காதீர்கள் சார், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நானும் அப்படி நின்றவள்தான். எட்டாம் மாதம், விளக்குகூடப் போடாமல் ஃபிரிட்ஜ் வெளிச்சத்திலேயே அரைக் கேக்கைக் காலி செய்துவிட்டுப் படுத்தேன். நாலு மணிக்கு நெஞ்செரிச்சலும் பசியும் கைகோத்துக்கொண்டு எழுப்பின. ஊருக்கு உபதேசம் சொல்கிறவளுக்கே இந்தக் கதி.

மறுநாளிலிருந்து படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு கிண்ணம் தயிரில் ஊறிய ஓட்ஸ். அதன்பிறகு பெரும்பாலான இரவுகளில் எழவில்லை. அப்படியும் பசித்தால் கண்ணில் படும் தட்டில் ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம் இருக்கட்டும். முட்டை மஞ்சள் கெட்டியாக வெந்திருக்க வேண்டும். சாப்பிட்டதும் மல்லாந்து படுத்தால் நெஞ்சு எரியும். முதுகுக்குத் தலையணை கொடுத்து அவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். அது உங்கள் வேலை.

கேள்வி (7-ஆம் மாதம்): நார்ச்சத்து பிஸ்கட் என்று போட்டிருக்கிறதே, அது பரவாயில்லையா?

பதில்: பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கத்தைப் படியுங்கள். 100 கிராமில் 6 கிராமாவது நார் இல்லையென்றால் அது சாதாரண பிஸ்கட். பொருட்களின் பட்டியலில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். சாப்பிட்டே தீருவேன் என்றால் இரண்டு, கூட ஒரு டம்ளர் பால்.

கேள்வி (5-ஆம் மாதம்): பசிக்குப் பழச்சாறு குடிக்கலாமா?

பதில்: ஆரஞ்சைக் கடித்துச் சாப்பிட்டால் ஒன்றிலேயே 3 கிராம் நார். மூன்றைப் பிழிந்த ஒரு டம்ளரில் அரை கிராம்தான், சர்க்கரையோ 20 கிராம். ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும், பசி அப்படியே இருக்கும். பழமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பாதாமை ஊறவைத்துச் சாப்பிட வேண்டுமா, அப்படியேவா?

பதில்: எப்படி வேண்டுமானாலும். ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: வேர்க்கடலை சாப்பிட்டால் குழந்தைக்கு அலர்ஜி வருமா?

பதில்: உங்களுக்கு அலர்ஜி இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி (7-ஆம் மாதம்): கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். பசி மட்டும் குறையவில்லை. பழமே தொடக்கூடாதா?

பதில்: தொடலாம். உங்களுக்குத்தான் ஜோடி விதி இன்னும் கறார்: பாதி ஆப்பிள், கூட கடலையோ முட்டையோ. மூன்று பெரிய சாப்பாட்டை உடைத்து, இடையில் இரண்டு மூன்று சிறு தீனியாக்குங்கள். பசியைப் பொறுத்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள், அடுத்த வேளை அள்ளிவிடுவீர்கள். எத்தனை கிராம் என்பது உங்கள் அளவீடுகளைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும், நான் இங்கிருந்து சொல்லமாட்டேன்.

கேள்வி (6-ஆம் மாதம்): பசிக்கும்போது ஐஸ் கட்டியை மெல்லத் தோன்றுகிறது. சுண்ணாம்பு வாசனைகூடப் பிடிக்கிறது.

பதில்: சிரிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் இப்படி வருவதுண்டு, இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரும்பு மாத்திரை தந்தால் டீ, காபி, பாலோடு போடாதீர்கள். ஆரஞ்சோடு போடுங்கள்.

கேள்வி (4-ஆம் மாதம்): ஓயாமல் சாப்பிடுகிறேன், எடை இறங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது.

பதில்: இது தீனிக் கேள்வி இல்லை அம்மா. தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (5-ஆம் மாதம்): இரண்டு பேருக்குச் சாப்பிட...

பதில்: முதல் பதில். 14 கிராம்.

கேள்வி (அதே 6-ஆம் மாதம்): கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. பயற்றை வேகவைத்தேன். உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டாயிற்று. மேலே அழகுக்குக் கொஞ்சம் பச்சை முளை தூவலாமா?

பதில்: கொத்தமல்லியைக் கழுவித் தூவுங்கள்.