புயல் மேல அணுகுண்டு போட்டா கலைஞ்சிடுமா?

கேள்வி: என் பொண்ணும் மாப்பிள்ளையும் ஃப்ளோரிடால டாம்பா பக்கம் இருக்காங்க. 2024 அக்டோபர்ல மில்டன் புயல் வந்தப்போ ரெண்டு ராத்திரி நான் கண்ணே மூடல. அமெரிக்காகிட்ட அவ்ளோ அணுகுண்டு இருக்கே, புயல் நடுக்கடல்ல இருக்கும்போதே ஒண்ணு போட்டு கலைச்சு விட முடியாதா? முடியாதுன்னா நாங்க என்னதான் பண்றது?

பதில்: முடியாதும்மா. ஆனா இதை நீங்க மட்டும் யோசிக்கல, 1959லயே ஜாக் ரீட்னு ஒரு வானிலை விஞ்ஞானி, அமெரிக்காவுல சாண்டியா ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தவர், நீர்மூழ்கி கப்பல்ல புயலுக்கு அடியில போய் அதோட கண்ணுக்குள்ள, அதாவது நடுவுல இருக்கற அமைதியான வட்டத்துக்குள்ள, குண்டை வெடிக்கலாம், அங்க இருக்கற சூடான காத்து மேல தூக்கி அடிக்கப்படும், பக்கத்துல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும், புயல் அடங்கிடும்னு சொன்னார். 1961ல அந்த நாட்டு வானிலைத் துறை தலைவரே ஒரு நாள் இது நடக்கலாம்னு பேசினார். அதனால இது ஒண்ணும் அசட்டுக் கேள்வி இல்ல.

இட்லி பானை மூடியை தூக்கும்போது ஆவி கைல பட்டா எப்படி சுடும்னு உங்களுக்கு தெரியும்ல, ஏன் அப்படி சுடுதுன்னா ஆவி உங்க தோல் மேல பட்டு தண்ணியா மாறும்போது, முதல்ல ஆவியாகறதுக்கு வாங்கின சூட்டை அப்படியே அங்க இறக்கி வச்சிடுது. புயலோட உயிரே அதுதான். கடல் 26.5 டிகிரிக்கு மேல சூடா இருந்தா தண்ணி ஆவியாகி மேல போகுது, மேகத்துல மறுபடி தண்ணியாகுது, சூடு வெளிய வருது, அந்த சூட்டுல காத்து இன்னும் வேகமா மேல ஏறி கீழ இருந்து இன்னும் ஆவியை இழுக்குது, இப்படி சுத்தி சுத்தி பல நாள் ஓடுது. நல்லா வளர்ந்த ஒரு ஹரிக்கேன், அதாவது அட்லாண்டிக் பக்கம் வர்ற பலமான புயல், வெளிய விடற சூடு, நோவாங்கற அமெரிக்க கடல் வானிலை அமைப்பு போட்ட கணக்குப்படி, 20 நிமிஷத்துக்கு ஒரு 10 மெகாடன் குண்டு வெடிக்கற மாதிரி. (ஒரு மெகாடன்னா 1000 கிலோடன், அதாவது 10 லட்சம் டன் வெடிமருந்துக்கு சமம்.) ஹிரோஷிமால போட்டது சுமார் 15 கிலோடன்தான், அந்த மாதிரி 600க்கு மேல சேர்ந்தாதான் ஒரு 10 மெகாடன். பால் பொங்கும்போது வாயால ஊதினா ஒரு நிமிஷம் அடங்கும், ஆனா அடுப்பு எரிஞ்சிட்டே இருந்தா? இங்க அடுப்பு கடல்.

சரி, குண்டோட அதிர்ச்சி அலை கண்ணை உடைச்சிடாதான்னு கேப்பீங்க. நம்ம தலைக்கு மேல ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் காத்து உக்காந்திருக்கு, புயலோட கண்ணுல அது கொஞ்சம் குறைவு, அந்தக் குறைவுதான் சுத்தி இருக்கற காத்தை எல்லாம் உள்ள இழுக்குது. புயலோட பலத்தை ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போட்டு சொல்வாங்க, அஞ்சுதான் ரொம்ப பலமானது; அஞ்சாம் நம்பர் புயலை ரெண்டாம் நம்பருக்கு இறக்கணும்னா ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அரை டன் காத்தை சேர்க்கணும், கண்ணு 20 கிலோமீட்டர் ஆரம்னு வச்சா 50 கோடி டன்னுக்கு மேல காத்து. குண்டு காத்தை கொண்டு வராது, சத்தத்தை விட வேகமா ஒரு தள்ளு தள்ளிட்டு போயிடும், அலை தாண்டின உடனே அழுத்தம் பழைய நிலைக்கு வந்துடும். கூடவே சூடும் சேருது, ஏற்கனவே சூட்டுல வாழற ஒண்ணுக்கு அது வேற.

குட்டியா இருக்கும்போதே போடலாமேன்னா, அட்லாண்டிக்ல வருஷத்துக்கு ஏறக்குறைய 80 சலனம் கிளம்புது, அதுல சிலதுதான் ஹரிக்கேன் ஆகும், எதுன்னு முன்கூட்டி சொல்ல முடியாது. எத்தனை குண்டு போடுவீங்க?

எனக்கு உண்மையிலேயே வயித்தை கலக்கற விஷயம் இதுக்கு அப்புறம்தான். 1954 மார்ச் 1ல பிகினி தீவுல அமெரிக்கா ஒரு குண்டை சோதிச்சாங்க, 6 மெகாடன் வரும்னு நினைச்சது 15 மெகாடனா வெடிச்சுது. ஆபத்து எல்லைன்னு அவங்க போட்ட கோட்டுக்கு வெளிய மீன் பிடிச்சிட்டிருந்த ஒரு ஜப்பான் படகு மேல குண்டு பொடியாக்கின பவளப்பாறை, கதிர்வீச்சோட, வெள்ளை வெள்ளையா சாம்பலா மணிக்கணக்கா கொட்டிச்சு, படகுல இருந்த 23 பேருக்கும் அது என்னன்னே தெரியல, தலைல, கழுத்துல எல்லாம் ஒட்டினதை கையாலேயே தட்டி விட்டிருக்காங்க. எல்லாருக்கும் கதிர்வீச்சு நோய், ஒருத்தர் அந்த செப்டம்பர்லயே இறந்துட்டார். அங்க புயல் கூட இல்லம்மா. அந்த சாம்பலை ஒரு ஹரிக்கேன் சுருட்டி எடுத்துட்டு வந்து மழையோட மழையா ஊருக்குள்ள, குடிக்கற தண்ணியில இறக்கினா என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க. காத்து வெளியிலயும் தண்ணிக்கு அடியிலயும் அணுகுண்டு வெடிக்கவே கூடாதுன்னு 1963லயே அமெரிக்கா கையெழுத்து போட்டிருக்கு.

மில்டன் சமயத்துல மியாமி டிவில ஒரு வானிலையாளர், 10 மணி நேரத்துல புயலோட காத்தழுத்தம் 50 மில்லிபார் இறங்கிடுச்சுன்னு (அழுத்தம் இறங்க இறங்க புயல் பலமாகும்) சொல்லும்போதே தொண்டை அடைச்சு நிறுத்திட்டார், பல வருஷம் புயலையே பார்த்தவர் அவர். ஆனா அது எங்க வரும்னு நாலு நாள் முன்னாடியே கிட்டத்தட்ட சரியா சொல்லிட்டாங்க, கடைசியில டாம்பாவுக்கு தெக்க, சியஸ்டா கீங்கற தீவுல கரை ஏறிச்சு. அந்த நாலு நாள்தான் உங்க பொண்ணு கைல இருக்கற ஆயுதம்.

காத்தை விட கடல் தண்ணி உள்ள ஏறி வர்றதுதான் அங்க பெரிய பயம். ஃப்ளோரிடால வீட்டு அட்ரஸை வச்சு ஏ, பி, சின்னு வெளியேற்ற மண்டலம் பிரிச்சிருக்காங்க, ஏ தான் முதல்ல கிளம்பணும். கிளம்ப சொன்னா கிளம்பிடணும், ரொம்ப தூரம் ஓட வேண்டாம், மண்டலத்துக்கு வெளிய உறுதியான கட்டடத்துல ஒரு ஃப்ரெண்டு வீடு போதும். கரண்ட் போனா ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ ஓட விடவே கூடாது, அந்த புகையில தூக்கத்துலயே போயிடறாங்க. இன்னிக்கு ஃபோன் பேசும்போது முதல்ல உங்க வீடு எந்த எழுத்துன்னு கேளுங்க, தெரியலன்னு சொன்னா லைன்லயே இருந்து பாக்க சொல்லுங்க.