பட்டை கோணலா? முதலில் அட்டவணையைப் பாருங்கள்: எக்செல் சார்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே எக்செல்லில் பட்டை வரைபடம் போடுவதைப் பற்றியவை. படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. படம் சரியாக வரவில்லை என்றதும் நாம் படத்தோடுதான் மல்லுக்கட்டுகிறோம். கோளாறு பெரும்பாலும் அட்டவணையில் இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எக்செல் மெனுவில் நிற்கும் பட்டைக்குக் 'காலம்' (Column) என்று பெயர், படுத்த பட்டைக்குப் 'பார்'. பேச்சில் இரண்டையும் பார் சார்ட் என்றே சொல்லிவிடுகிறோம். கீழே ஓரிடத்தில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

பள்ளியின் ஐந்தாண்டுத் தேர்ச்சி சதவீதத்தைத் தேர்வு செய்து ஆல்ட் + எஃப்1 அழுத்தினேன். ஐந்து பெரிய நீலப் பட்டைகளும், அவற்றின் காலடியில் ஐந்து குட்டி ஆரஞ்சுப் பட்டைகளும் வந்தன. என்ன தவறு செய்தேன்?

அந்த நீலப் பட்டைகள் உங்கள் ஆண்டுகள். 2024 என்பது நமக்கு ஆண்டு. எக்செல்லுக்கு அது இரண்டாயிரத்து இருபத்து நான்கு என்கிற எண். அதையும் பட்டையாக்கிவிட்டது. பக்கத்தில் 93 சதவீதம் நின்றால் கடுகாகத்தானே தெரியும்?

எளிய வழி இது: படத்தை அழித்துவிட்டு, 'ஆண்டு' என்று தலைப்பிட்டிருக்கும் இடது மேல் மூலைச் செல்லை வெறுமையாக்குங்கள். பிறகு மறுபடி தேர்வு செய்து ஆல்ட் + எஃப்1. மூலை வெறுமையாக இருந்தால், முதல் நெடுவரிசையைப் பெயர்ப் பட்டியலாக எக்செல் எடுத்துக்கொள்ளும். ஆண்டுகள் பட்டைகளின் அடியில் போய் உட்காரும்.

தலைப்பை அழிக்க மனமில்லை என்றால், படத்தில் வலது கிளிக் செய்து 'செலக்ட் டேட்டா' போங்கள். இடப்பக்கப் பட்டியலில் 'ஆண்டு' வரியை நீக்குங்கள். வலப்பக்கத்தில் 'எடிட்' அழுத்தி ஆண்டுகள் உள்ள செல்களைக் காட்டுங்கள். இரண்டாவது வேலையை மறந்தால் அடியில் 1, 2, 3 என்றுதான் நிற்கும்.

எழுத்தறிவு பற்றி மாணவர்களுக்கு விளக்க, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து கேரளா 94.00, தமிழ்நாடு 80.09 என்று இரண்டு பட்டைகள் போட்டேன். தமிழ்நாடு பாதிகூட இல்லாதது போலத் தெரிகிறது. எண்களைச் சரிபார்த்துவிட்டேன். ஏன் இப்படி?

எண்கள் சரி. செங்குத்து அச்சைப் பாருங்கள், அது பூஜ்ஜியத்தில் தொடங்கியிருக்காது.

இதற்கு எக்செல்லில் ஒரு விதி உண்டு. மிகப்பெரிய எண்ணுக்கும் மிகச்சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தால், அச்சின் அடிப்பகுதியை அதுவே வெட்டிவிடும். 94-ல் ஆறில் ஒரு பங்கு 15.67. உங்கள் வித்தியாசம் 13.91. அதனால் வெட்டிவிட்டது.

அச்சு 70-ல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கேரளாவின் பட்டை 24 அளவு உயரம், தமிழ்நாட்டின் பட்டை 10 அளவு. கண்ணுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. உண்மையில் கேரளா ஒன்றே கால் மடங்குகூட இல்லை. பட்டை வரைபடத்தில் நாம் எண்ணைப் படிப்பதற்கு முன்பே நீளத்தைப் படித்துவிடுகிறோம். அடியை வெட்டினால் அந்த நீளம் பொய்யாகிவிடும்.

ஓர் ஆண்டுக் கூட்டத்தில், திரையில் இப்படி வெட்டுப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "போன வருஷம் வியாபாரம் பாதியாப் போச்சா?" என்று ஒரு பெரியவர் பதறி எழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். விற்பனை 100 லட்சத்திலிருந்து 96 லட்சமாகியிருந்தது, அவ்வளவுதான். அச்சு 92-ல் தொடங்கியிருந்ததால் ஒரு பட்டை மற்றதில் சரிபாதியாக நின்றது. அந்த அரங்கை அமைதிப்படுத்தக் கணக்காளருக்கு வெகுநேரம் பிடித்தது. அன்றிலிருந்து எந்தப் பட்டை வரைபடத்தைத் திறந்தாலும் அச்சின் அடியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சரிசெய்ய: செங்குத்து அச்சின் மேல் வலது கிளிக், 'ஃபார்மட் ஆக்சிஸ்', 'மினிமம்' கட்டத்தில் 0. கூகுள் ஷீட்ஸிலும் செங்குத்து அச்சு அமைப்பில் இதே போன்ற 'மின்' கட்டம் உண்டு.

சிறு வித்தியாசத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால் அந்த வித்தியாசத்தையே தனியாகக் கணக்கிட்டுப் பட்டையாக்குங்கள். அல்லது கோட்டு வரைபடம் போடுங்கள். கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. அங்கே அடியை வெட்டினால் இந்த அளவுக்குத் தவறாகாது.

பாமினியில் தட்டிய ஊர்ப் பெயர்கள் செல்லில் தமிழாகத் தெரிகின்றன. படத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

செல்லுக்குள் உண்மையில் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டுகிறது. படம் தனக்கென்று வேறு எழுத்துருவை எடுத்துக்கொள்வதால் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. வானவில் போன்ற மற்றப் பழைய எழுத்துருக்களிலும் இதே கதைதான்.

படத்தின் விளிம்பைக் கிளிக் செய்து 'ஹோம்' பகுதியில் எழுத்துருவைப் பாமினியாக்கினால் தற்காலிகமாகச் சரியாகும். ஆனால் சதவீதக் குறி போடும்போது மாட்டிக்கொள்வீர்கள். பாமினியில் அந்தக் குறியின் இடத்தில் 'மூ' என்ற எழுத்து இருக்கிறது. அச்சில் 50% வர வேண்டிய இடத்தில் '50மூ' என்று நிற்கும்.

பெயர்களை ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ எழுத்துருவில் தமிழ் படத்திலும் தெளிவாக வரும். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தாலும் ஊர்ப் பெயர் ஊர்ப் பெயராகவே இருக்கும்.

வங்கி அறிக்கையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய தொகைகளுக்குப் பட்டையே வரவில்லை.

அவை எண்களாக ஒட்டவில்லை, எழுத்துகளாக ஒட்டியிருக்கின்றன. செல்லில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறதா, மூலையில் பச்சை முக்கோணம் தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்தாக நிற்கும் எண்ணைப் படம் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்ளும். அந்தச் செல்களைத் தேர்வு செய்து, பக்கத்தில் வரும் மஞ்சள் எச்சரிக்கைக் குறியில் 'கன்வர்ட் டு நம்பர்' கொடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எண்ணின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இணையப் பக்கங்களிலிருந்து வருவது இது; சாதாரண இடைவெளி அல்ல. ஒரு செல்லுக்குள் போய் அந்த இடைவெளியை மட்டும் நகலெடுங்கள். கன்ட்ரோல் + எச் அழுத்தி, தேடும் கட்டத்தில் அதை ஒட்டி, மாற்றும் கட்டத்தை வெறுமையாக விட்டு 'ரிப்ளேஸ் ஆல்' கொடுங்கள்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் நீர் இருப்பையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும். இரண்டாவது அச்சு கொடுத்ததும் ஒரு பட்டை இன்னொன்றை மறைக்கிறது.

இரண்டும் பட்டையாக இருந்து, ஒன்று இரண்டாவது அச்சுக்குப் போனால் அப்படித்தான் மறைக்கும். 'சேஞ்ச் சார்ட் டைப்' போய் 'காம்போ' எடுத்து ஒன்றைக் கோடாக்குங்கள்.

எதைக் கோடாக்குவது என்பதுதான் நல்ல கேள்வி. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 60 அடியில் இருக்கும்போது அணையில் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று நினைப்போம். கிடையாது. நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால், பாதி உயரத்தில் இருப்பு பாதிக்கு வெகு கீழேதான் இருக்கும். நீர்மட்டத்தைப் பட்டையாக்கினால் பாதி உயரப் பட்டை விவசாயிக்குப் பாதி அணை என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடும். எனவே டிஎம்சி பட்டையாகட்டும், அடி கோடாகட்டும். இரண்டு அச்சும் பூஜ்ஜியத்தில் தொடங்கட்டும்.

வாரச்சந்தை விற்பனையைத் தேதிவாரியாகப் போட்டால் பட்டைகள் குச்சி குச்சியாக, இடையில் பெரிய இடைவெளியோடு வருகின்றன.

சந்தை கூடாத ஆறு நாளுக்கும் எக்செல் இடம் ஒதுக்கியிருக்கிறது. கிடை அச்சில் வலது கிளிக் செய்து, 'ஃபார்மட் ஆக்சிஸ்' பகுதியில் 'டெக்ஸ்ட் ஆக்சிஸ்' தேர்வு செய்யுங்கள். இன்னும் தடிமன் வேண்டும் என்றால் பட்டையைக் கிளிக் செய்து 'கேப் விட்த்' அளவைக் குறையுங்கள். தானாக வரும் 219 சதவீதம் எனக்கு எப்போதும் மெலிவாகத்தான் படுகிறது. 60லிருந்து 80 வரை வைத்துப் பாருங்கள்.

அச்சில் 1,500,000 என்று வருகிறது. 15,00,000 என்று வர வேண்டும்.

'ஃபார்மட் ஆக்சிஸ்', 'நம்பர்' பகுதியில், 'ஃபார்மட் கோட்' கட்டத்தில் இதை அப்படியே ஒட்டி 'ஆட்' அழுத்துங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடி, லட்சம், ஆயிரம் மூன்றுக்கும் காற்புள்ளி நம் வழக்கப்படி விழும். எல்லாமே லட்சத்தில் இருந்தால், அட்டவணையிலேயே லட்சத்தால் வகுத்து, அச்சுக்கு 'ரூபாய் லட்சத்தில்' என்று தலைப்பிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. படிப்பவர் பூஜ்ஜியங்களை எண்ண வேண்டியதில்லை.

புதிய மாதம் சேர்த்தால் படத்தில் வருவதில்லை.

அட்டவணைக்குள் ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல் + டி (T) அழுத்துங்கள். அதன்பின் அடியில் சேர்க்கும் வரி தானாகப் படத்தில் வரும்.

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் ஒரே படத்தில் போட்டால் பெயர்கள் சாய்ந்து, தலைகுத்தி நிற்கின்றன. எழுத்தின் அளவை 6 வரை குறைத்தும் பயனில்லை.

எழுத்தைக் குறைக்காதீர்கள். இங்கேதான் 'பார்' வேண்டும், அதாவது படுத்த பட்டை. 'திருவண்ணாமலை', 'இராமநாதபுரம்' போன்ற நீளப் பெயர்கள் இடப்பக்கம் நேராக நிற்கும், கழுத்தைச் சாய்க்காமல் படிக்கலாம்.

ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட பட்டை வரைபடமும் படுத்த பட்டைதான். ஸ்காட்லாந்து 17 இடங்களோடு செய்த ஏற்றுமதி, இறக்குமதியை அதில் காட்டினார். மற்ற வணிகக் கணக்குகளைப் பல ஆண்டுகளுக்குக் கோடாக வரைந்தவர் அவர். ஸ்காட்லாந்துக்கு ஓராண்டுக் கணக்குதான் கையில் இருந்தது, அதனால் பட்டைக்குப் போனார். இன்றும் அதே அளவுகோல் செல்லும்: பல ஆண்டு ஓட்டத்துக்குக் கோடு, ஒரே நேரத்தில் பல இடங்களை ஒப்பிடப் பட்டை.

போடுவதற்கு முன் அட்டவணையை அகரவரிசையில் விடாமல் எண்ணின்படி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். அரியலூர் அகரவரிசையில் முதலில் வருவதால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. வரிசைப்படுத்திய பிறகும் படத்தில் பெரியது அடியிலும் சிறியது மேலேயும் வரும். பார் சார்ட்டில் எக்செல் முதல் வரியைக் கீழேதான் வைக்கும். பெயர்கள் உள்ள அச்சில் வலது கிளிக் செய்து, 'ஃபார்மட் ஆக்சிஸ்' பகுதியில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்தால் நிமிர்ந்துவிடும். எண்கள் உள்ள அச்சு அப்போது மேலே போய்விடும். பட்டை நுனியிலேயே எண்களைப் போட்டுவிட்டு அந்த அச்சை நீக்கிவிடலாம்.