அளந்து பார்த்தால் நிரூபணம் ஆகிவிடுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், தாளில் வரைந்த முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கத்தரித்துச் சேர்த்து வைத்து, அவை நேர்கோட்டில் பொருந்துவதைக் காட்டினாள். கோணமானியால் அளந்தபோதோ 179 பாகைதான் வந்தது. கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதற்கு இவற்றில் எது நிரூபணம்? பூமி உருண்டை என்பதால் 1 பாகை குறைந்திருக்குமோ?

- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டுமே நிரூபணம் அல்ல. கத்தரித்த தாள் அந்த ஒரு முக்கோணத்தைப் பற்றி மட்டுமே பேசும். தேற்றமோ எல்லா முக்கோணங்களுக்கும் உரியது. பிள்ளைகளுக்கு நம்பிக்கை வர அது நல்ல வழிதான், குறை சொல்லமாட்டேன்.

ஏபிசி என்ற முக்கோணத்தில் பிசி அடிப்பக்கமாக இருக்கட்டும். உச்சி ஏ வழியாக, பிசி-க்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். இணைகோடுகளை ஏபி என்ற பக்கம் குறுக்குவெட்டியாக வெட்டுவதால், பி-யில் உள்ள கோணமும், ஏ-யில் புதிய கோட்டுக்கும் ஏபி-க்கும் இடைப்பட்ட கோணமும் ஒன்றுவிட்ட கோணங்களாகி (இணைகோடுகளுக்கு இடையே, குறுக்குவெட்டியின் இரு புறங்களில் அமைபவை) சமமாகின்றன. ஏசி-யின் பக்கமும் அவ்வாறே. ஆகவே முக்கோணத்தின் மூன்று கோணங்களும் ஏ-யில், ஒரே நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து வந்து அமர்கின்றன. நேர்க்கோணம் 180 பாகை என்பதால் தேற்றம் முடிந்தது. எந்த அளவையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதால்தான் இது எல்லா முக்கோணத்துக்கும் செல்லும். தேர்வில் பலர் 'இணையாக வரைக' என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். அந்த வரி இல்லையேல் மிச்சம் எதுவும் நிற்காது.

பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் வடிவியல் நூலின் முதல் பாகத்தில் இதை 32ஆவது தேற்றமாக வைத்தார். அடிப்பக்கத்தை நீட்டி, அதன் முனையில் எதிர்ப்பக்கத்துக்கு இணைகோடு வரைவது அவர் முறை. அதில் வெளிக்கோணத் தேற்றமும் (வெளிக்கோணம், எதிரே உள்ள இரு உட்கோணங்களின் கூடுதலுக்குச் சமம்) கூடவே கிடைத்துவிடும். பாகைக் கணக்கு அவரிடம் இல்லை, 'இரண்டு செங்கோணங்கள்' என்றே சொல்கிறார். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதற்கு அவர் சார்ந்து நிற்பது தம் ஐந்தாம் எடுகோளை, அதாவது இணைகோடுகளைப் பற்றி நிரூபணமின்றி அவர் ஏற்றுக்கொண்ட கூற்றை.

அந்த எடுகோள் சமதளத்துக்கே உரியது. கோளத்தின் மேல் இணைகோடு வரைய இடமே இல்லை. கோணங்களின் கூடுதல் 180-ஐத் தாண்டும், குறையாது. எவ்வளவு தாண்டும்? உங்கள் மாவட்டத்து நீரோடி, கன்னியாகுமரி, ஆரல்வாய்மொழி ஆகிய மூன்று ஊர்களையும் முனைகளாகக் கொண்டால், பூமியின் வளைவு கூட்டித் தருவது ஏறக்குறைய 2 விநாடிதான். இந்த விநாடி நேரத்தின் அளவல்ல, கோணத்தின் அளவு; 1 பாகைக்கு 3,600 விநாடி. குறைந்துபோன அந்த 1 பாகைக்குப் பென்சில் முனையின் தடிமனையும் கோணமானியை வைத்த விதத்தையும்தான் விசாரிக்க வேண்டும்.