போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் முதல்முறையாகச் செல்லவிருக்கிறோம். சென்னையில் இரவு 11.15 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாள் காலை 6.05 மணிக்குச் சேர்கிறது. திரும்பும் விமானமோ இரவு 8.00 மணிக்குக் கிளம்பி 9.45 மணிக்கே சென்னை வந்துவிடுகிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன்? கொழும்பு வழியாகச் செல்லும் டிக்கெட் ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் குறைவு. தூரம் மிகவும் கூடிவிடுமா, வாங்கலாமா? – வாசகர், தாம்பரம்.

பதில்: இரு பயணங்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகிறது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால், போகும்போது தெரியும் 6 மணி 50 நிமிடத்தில் அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடமும், வரும்போது தெரியும் 1 மணி 45 நிமிடத்தோடு அதைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடமும் கிடைக்கும்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் அங்கே போய் நிற்கும் வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, வரிசைக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். 'பிளாக் டைம்' எனப்படும் இந்த நேரம் பயணிகளுக்கும் முக்கியமானது. இந்திய நிறுவனத்தின் விமானம் இங்கிருந்து தாமதமாகப் புறப்படும்போது, இந்த நேரம் இரண்டரை மணிக்கு மேல் ஐந்து மணிக்குள் உள்ள பயணங்களில், தாமதம் மூன்று மணி நேரத்தை எட்டினால், உரிய நேரத்தில் செக்-இன் செய்தவர்களுக்கு நிறுவனம் உணவு தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி.

கொழும்பு வழியில் தூரம் பெரிதாகக் கூடாது. சென்னை–கொழும்பு சுமார் 650, கொழும்பு–சிங்கப்பூர் சுமார் 2,750, ஆக மொத்தம் 3,400 கி.மீ. கூடுவது கொழும்பில் காத்திருக்கும் நேரமே. ஆகவே தூரத்தை விட்டுவிட்டு, முதல் புறப்பாட்டிலிருந்து கடைசி வருகை வரையிலான மொத்த நேரத்தைக் கேளுங்கள். இரண்டு மூன்று மணி நேரக் காத்திருப்பு என்றால், இருவருக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் மிச்சப்படுத்த அது ஏற்கத்தக்கதே. நள்ளிரவில் எட்டு மணி நேரம் என்றால், முதல்முறை செல்லும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரு விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கின்றனவா என்பதையும் அவசியம் பாருங்கள். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளில் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், இழப்பு பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும்.

வேறு விமானம் தேடும்போது தேதியிலும் கவனம் தேவை. 15-ஆம் தேதி 00.40 மணி என்று இருந்தால், நீங்கள் 14-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் முந்தைய இரவே பறந்துவிட்டதை அறிந்து கலங்கியவர்கள் உண்டு.